பதினொரு நிமிடத்துக்கு

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில்
ஒரு சின்னப் பெட்டி கேட்டது:
எவ்வளவு நேரம் வேண்டும்?
இருபது லட்சம் கோர் மணி என்று நிரப்பினேன்.
பிறகு சும்மா ஒரு காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன்.
ஒற்றைச் செயலி தூங்காமல் உட்கார்ந்து போட்டால்
இருநூற்று இருபத்தெட்டு வருடக் கணக்கு.
மலை சரிந்தபின்
அலை ஹெஸ்ட்விக் துறையைத் தொட
பதினொரு நிமிடம்.

பெர்கனில் மழை.
நள்ளிரவோடு தளம் மூடிவிடும்.
'அறிவியல் நியாயம்' என்ற கட்டத்தில்
மூவாயிரம் எழுத்துக்குமேல் ஏறாது.
ஸ்கார்வ்நிபாவின் விரிசலைப் பற்றி
மூவாயிரத்து நாற்பது எழுதியிருந்தேன்.
'மிகவும்' எல்லாவற்றையும் எடுத்தேன்.
'அவசர' என்பதை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
கடைசியில் 'மக்கள்' போனார்கள்;
'குடியிருப்பு' அவர்களையும் சேர்த்துக்கொள்ளும் என்று
பதினொன்று ஐம்பத்தேழுக்கு எனக்குத் தோன்றியது.

ஆறு வாரம் கழித்து
மதிப்பீட்டாளர் இரண்டு, பெயரில்லாதவர்,
கண்ணியமாகக் கேட்டிருந்தார்:
ஐந்து மீட்டர் கட்டம் எதற்கு, பத்து போதாதா?
எட்டில் ஒரு பங்கு நேரத்தில் முடியுமே.

முடியும்.
பத்து மீட்டரில் ஃபியோர்டு இருக்கிறது,
தேவாலயம் இருக்கிறது, பள்ளிக்கூடம்கூட
ஒரு மொட்டைச் சதுரமாக இருக்கிறது.
தூர்கைர் ஹவுகனின் படகுக் கொட்டகை இல்லை.
ஒட்ருன் வாஃபிள் சுடும் கடை
சரிவோடு சரிவாகிவிட்டது.
படகுத்துறைக்குப் போகும் சந்து,
எல்லோரும் ஓடவேண்டிய அந்த ஒரே சந்து,
இரண்டு சதுரங்களுக்கு நடுவே
யாருக்கும் சொந்தமில்லாமல் காணாமல் போகிறது.
இதைப் படத்தோடு பதில் அனுப்பினேன்.
வாஃபிள் பற்றி எழுதவில்லை.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்,
பன்னிரண்டு லட்சம்.

மலை ஐந்து விதமாகச் சரியலாம் என்று கேட்டிருந்தேன்:
மொத்தமாக, இரண்டு தவணையாக,
மேல்பாதி மட்டும், அடி நழுவி,
பனி உருகும் வாரத்தில் ஈரமாக.
ஒன்றுக்கு நான்கு லட்சம்.
இப்போது மூன்றுக்குத்தான் காசு.
மூன்றை நுணுக்கமாக, இரண்டைப் பருமட்டாக ஓட்டினால்?
கூட்டிப் பார்த்தேன்.
ஒரு லட்சம் உதைத்தது.

எந்த இரண்டு விதமாக
மலை விழக் கூடாது என்று
வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும்.

பக்கத்து அறை இங்வில்டுக்குத்
திமிங்கில ஓசைக்குக் கொடுத்ததில்
மூன்று லட்சம் மிச்சம்.
மார்ச் கடைசியில் காலாவதி.
மாற்றிக் கொடுக்க விதியில்லை.
இருவரும் விதியை இரண்டு முறை படித்தோம்,
ஏதாவது ஒரு 'தவிர' இருக்குமா என்று.
பிறகு அவள் வாங்கிவந்த இலவங்கப் பட்டை ரொட்டியைப்
பேசாமல் பிய்த்துத் தின்றோம்.

ஈரமானதை வைத்துக்கொண்டேன்.
மொத்தமானதை, இரண்டு தவணையை.
மற்ற இரண்டையும் ஒரு கோப்பில் போட்டு
'அடுத்த சுற்று' என்று பெயர் வைத்தேன்.

வேலையை அனுப்பினேன். வரிசையில் எண் நானூற்றுப் பன்னிரண்டு.
எனக்கு முன்னால் யாருடையதோ ஒரு நட்சத்திரம்,
யாருடையதோ ஒரு புரதம், மடியாமல்.
விரிசலில் பதித்த கம்பி
இன்று காலை அரை மில்லிமீட்டர் காட்டியது.

மாலையில் தூர்கைர் போன் செய்தார்.
உன் எந்திரம் என்ன சொல்லுது?
இன்னும் எங்க முறை வரல.
ஓ, என்றார். ரேஷன் கடையா அது?
சிரித்தேன். அவரும்.
கடற்காகங்கள் கேட்டன, ஒரு படகு மோட்டார் இருமியது.

அப்ப இந்தக் கோடைக்குக்
கொட்டகைக்குப் பெயிண்ட் அடிக்கலாமா, வேண்டாமா?

அடிங்க, என்றேன்.
என்ன கலர் என்று கேட்டுக்கொண்டேன்.